காற்றுக்கு ஒரு மூடி

சுகுணா அக்கா அன்றைக்குக் கயிறு பிடிக்க வரவில்லை.

பலூன் விழா தொடங்கிய நாளிலிருந்து ஒரு விடியலைக்கூட அவள் தவறவிட்டதில்லை. மலையரசியின் தரைக்குழுவுக்கு அவள்தான் தலைவி. மலையரசி, உலகத்திலேயே பெரிய வெப்பக்காற்று பலூன். ஆனைமலை அடிவாரத்தில், விழா மைதானத்துக்கு நேர் மேலே, மேகம் தொடும் உயரத்தில் இரவும் பகலும் இறங்காமல் நிற்கும். தரையிலிருந்து போகும் தடித்த வடம் ஒன்று அதைப் பிடித்து வைத்திருந்தது. அந்த வடத்தின் வழியாகவே மின்சாரமும் மேலே போனது. விமானிகள் முறை மாற, வடத்தை ஒட்டி ஒரு சின்னக் கூடை ஏறி இறங்கும். அந்தக் கூடை தரைக்கு வரும்போது முதல் கயிறு சுகுணாவின் கையில்தான் இருக்கும். "மெதுவா எறங்குங் அம்மிணி" என்று ஒரு குரலும் இருக்கும்.

விமானி இளவெயினி தன் காலை முறை முடிந்து இறங்கியபோது கயிற்றை வேறு யாரோ பிடித்தார்கள்.

"அக்கா எங்க?"

"அவங்க வீட்டுக்காரரு தவறிட்டாருங்க மேடம்" என்றான் அவன். "காத்தாலதான் தகவல் வந்துச்சு."

சுகுணாவின் கணவர் மயில்சாமியை வெயினிக்குத் தெரியும். நாரோடையில் தென்னை நார் ஆலையில் மெஷின் ஓட்டுகிறவர். போன வாரம்தான் மைதானத்துக்கு வந்து, தலையைப் பின்னால் சாய்த்து மலையரசியைப் பார்த்துவிட்டு, "எங்க ஊட்டம்மா கட்டி வெச்ச பலூனுங்களா இது?" என்று பெருமையாகச் சிரித்தார். ஆளுக்கு நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. வெயினி உடுப்பைக்கூட மாற்றாமல் காரை எடுத்தாள்.

நாரோடை கிழக்கே ஒரு பள்ளத்தில் கிடக்கும் ஊர். தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும் ஆலைகளும் செங்கல் சூளைகளும்தான் அங்கே பிழைப்பு. தூசியும் புகையும் அந்த ஊருக்குப் புதிதில்லை. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எதையும் அங்கே தங்க விட்டதில்லை; மே மாதத்தில் அது அடிக்கிற அடியில் கொடியில் போட்ட வேட்டி பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். இப்போது ஊருக்குள் கார் நுழைந்ததும் வெயினி கண்ணாடியை ஏற்றினாள். வெளியே இருந்தது காற்றே இல்லை. பழுப்பாக, கனமாக, கொதிக்கிற கஞ்சிமேல் படரும் ஆவியைப் போல ஏதோ ஒன்று தெருவில் அசையாமல் நின்றது. பகல் பன்னிரண்டு மணிக்கு வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தன. வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை.

சுகுணாவின் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. அதே தெருவில் இன்னும் இரண்டு வாசல்களில் சாமியானா. மயில்சாமியை ஒரு மர பெஞ்சில் கிடத்தி, சுற்றிலும் ஐஸ் கட்டிகளைப் பாத்திரங்களில் வைத்திருந்தார்கள்.

சுகுணா அழவில்லை. வெயினியைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "ஃப்ரீசர் பெட்டி கெடைக்கலீங் அம்மிணி" என்றாள், வீட்டுக்கு வந்தவளுக்கு உட்கார நாற்காலி இல்லாததற்கு வருந்துகிறவளைப் போல. "பொள்ளாச்சி வரைக்கும் கேட்டாச்சு. எல்லாப் பெட்டியும் வெளிய போயிருக்குதாம்."

"எல்லாப் பெட்டியுமா?"

"இந்த ஊருக்குத்தானுங். வேறெங்க."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"வெயில்னு எழுதிக் குடுத்துட்டாரு. எல்லாத்துக்கும் அதேதான் எழுதறாங்க. இவரு வெயில்ல எங்கீங் போனாரு? மூச்சு வாங்குதுன்னு ரெண்டு நாளா வேலைக்கே போகாம ஊட்டுக்குள்ளதான கெடந்தாரு."

பிற்பகலில் எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் தெருமுனை மேட்டோடு நின்றுவிட்டார்கள்; அங்கே பழுப்பு சற்று மெலிந்திருந்தது. சற்று நேரத்தில் சுடுகாட்டுப் பக்கமிருந்து புகை எழுந்தது. வெயினி அதைப் பார்த்தபடியே நின்றாள். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. பலூன் ஓட்டுகிறவர்களுக்கு எந்தப் புகையைக் கண்டாலும் கண் அதோடு போகும். காற்று எந்த உயரத்தில் எந்தப் பக்கம் போகிறது என்பதை அவர்கள் படிப்பது அதில்தான்.

புகை நேராக மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. நின்று, தலையை மடக்கி, நாலு பக்கமும் தட்டையாகப் பரவியது, கூரையில் முட்டிய அடுப்புப் புகையைப் போல. அந்த உயரத்துக்கு மேலே வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது. வெயினி அந்த உயரத்தை அப்படியே கண்ணால் மேற்கே கொண்டுபோனாள். அடிவானத்தில், அதே மட்டத்தில், சிவப்பும் பொன்னுமாக மலையரசி நின்றிருந்தது.

அவள் கண் அதன் அடியில் போய் நின்றது.

மலையரசியின் அடியில் ஒரு பெரிய தட்டு தொங்கும். விழாவுக்குக் காற்றை அமைதிப்படுத்தும் கருவி என்று நிறுவனம் அதைச் சொன்னது. ஜனவரியில் மட்டுமே நடந்த விழாவை, பள்ளிக்கூடம் லீவு விடும் மே மாதத்துக்கு மாற்ற முடிந்ததே அந்தத் தட்டால்தான். விமானிகள் அதைப் பார்த்து வியந்தார்கள். காற்று நின்ற வானத்தில் பலூன்கள் நட்டு வைத்த விளக்குகளைப் போல நின்றன. நின்ற காற்று வேறு எங்கே என்னவாகிறது என்று யாரும் கேட்கவில்லை.

அன்று மாலையே வெயினி, விழாவை நடத்தும் விண்தேர் நிறுவனத்தின் தலைவர் ஜெயப்பிரதாப்பைப் போய்ப் பார்த்தாள். விருந்தினர் கூடாரத்தில் ஏசி குளிரில் வெளிநாட்டுக்காரர்கள் சிலரோடு உட்கார்ந்திருந்தார். அவர்கள் முன்னால் கம்ப்யூட்டர் திரைகள்.

"நாரோடையில ஆளுங்க செத்துட்டிருக்காங்க சார்."

ஜெயப்பிரதாப் எழுந்து அவளை ஓரமாக அழைத்துப் போனார். "மே மாசம்மா. மே மாச வெயில்ல ஆளுங்க சாகறது புதுசா?"

"வெயில் இல்ல. நம்ம தட்டு. அங்க போய்ப் பார்த்துட்டு வரேன். புகை போறதுக்கு வழியில்லாம ஊருக்குள்ளயே நிக்குது. ஒரு நாள் நிறுத்துங்க சார். ஒரே ஒரு நாள் காத்து வரட்டும்."

"நாளன்னிக்கு என்னன்னு உனக்கே தெரியும். ஆயிரத்து இருநூறு பலூன், ஒரே வானத்துல, ஒரே நேரத்துல. உலகத்துல எங்கயும் நடந்ததில்ல. அதுக்கு முன்னாடி காத்தை விடச் சொல்றியா?"

"ஒரே தெருவுல மூணு சாவு சார்!"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் வெயினிக்கு இன்னும் எரிந்தது. "டாக்டர்கள் வெயில்னு எழுதியிருக்காங்க. நீ டாக்டர் இல்ல. அலுப்பா இருந்தா லீவு எடுத்துக்கோ. நாளன்னிக்கு வேற ஆளை ஏத்திக்கறேன்."

லீவு எடுத்தால் மேலே இருக்கப்போவது இன்னொருவன். தட்டுக்குப் பக்கத்தில் அவளால் போகவே முடியாது.

"வேண்டாம் சார். நானே ஏறறேன்."

அடுத்த நாள் முழுக்க அவள் போனிலேயே இருந்தாள். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. கடைசியில் பேசிய பெரிய அதிகாரி, சாதனை நாளன்று தானே குடும்பத்தோடு வருவதாகவும் நேரில் பேசிக்கொள்ளலாம் என்றும் சந்தோஷமாகச் சொன்னார். ஒரு பத்திரிகைக்காரர், சாதனை முடியட்டும், பிறகு பெரிதாகப் போடலாம் என்றார். மாலையில் சுகுணா போன் செய்தாள். எதிர்வீட்டுப் பெரியவரும் போய்விட்டாராம். அதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சாதனை நாள் விடிந்தது. வெயினி மேலே போனபோது கூடையில் அத்வைத் இருந்தான். தட்டை வடிவமைத்த பொறியாளன். வெயினியைவிட இரண்டு வயது சின்னவன். எட்டு மாதமாக அவளோடு சேர்ந்து பறக்கிறவன். அன்று அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கீழே மைதானம் முழுக்கத் துணிகள் விரிந்து, உப்பி, எழுந்தன. மஞ்சள், நீலம், வரிக்குதிரை, தாமரை, யானை. பர்னர்கள் ஒவ்வொன்றாகச் சீறின. ஜனங்களின் கூச்சல் இந்த உயரத்துக்கும் கேட்டது. எல்லாம் சேர்ந்து மெல்ல மேலே வர, வானம் பூத்தது என்றுதான் சொல்ல வேண்டும். அழகாக இருந்தது. அழகாக இருந்ததே வெயினிக்குக் கோபத்தை மூட்டியது. கிழக்கே பள்ளத்தில் நாரோடை இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு குளம் தேங்கி நின்றது.

"அது என்னன்னு சொல்லு" என்றாள் அத்வைத்திடம்.

"வெயினி..."

"நீ பண்ணின கருவி. நீயே சொல்லு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். "சாதாரணமா மேல போகப்போக காத்து குளிர்ச்சியாகும். அதனாலதான் கீழ இருக்கற சூடான காத்து, புகை, தூசி எல்லாம் மேல ஏறிப் போயிடுது. இந்தத் தட்டு நடுவுல ஒரு அடுக்கை மட்டும் சூடாக்குது. கீழ இருக்கறதைவிட மேல சூடா ஒரு அடுக்கு இருந்தா, கீழ இருக்கறது அதைத் தாண்டி ஏற முடியாது. பானைக்கு மூடி போட்ட மாதிரி. கணவாய்ல வர்ற காத்தும் இந்த மூடிக்கு மேல வழுக்கிட்டுப் போயிடும். கீழ இறங்காது."

"மூடி எவ்வளவு அகலம்?"

"நாரோடையைத் தாண்டி."

"அந்தப் பானைக்குள்ள ஆளுங்க இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது நாளே அங்க புகையோட அளவு ஏற ஆரம்பிச்சது. சொன்னேன். விழா வரைக்கும்தானேன்னாங்க." அவன் குரல் உடைந்தது. "இன்னும் மூணு நாள் வெயினி. அவ்வளவுதான்."

"மூணு நாள்ல இன்னும் எத்தனை பெஞ்சு வேணும் அந்த ஊருக்கு?"

வெயினி தட்டின் பெரிய ஸ்விட்சைப் பார்த்தாள். கையெட்டும் தூரம். அத்வைத் சட்டென்று நடுவில் வந்து நின்றான்.

"இப்ப நிறுத்தினா மூடி உடையும். மேல ஓடற காத்து மொத்தமா கீழ விழும். சுத்தி ஆயிரத்து இருநூறு பலூன் நிக்குது. கூடையில குழந்தைங்க இருக்காங்க. கொன்னுடுவ."

அது உண்மை. அவள் பற்களைக் கடித்தாள். இவர்கள் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள். மூடியைத் திறக்கவும் முடியாது, மூடியே வைக்கவும் முடியாது. ஓர் ஊரைக் கொன்று நடத்தும் விழா; நிறுத்தினால் விழாவுக்கு வந்தவர்களைக் கொல்லும். அவள் ரேடியோவை எடுத்தாள். எல்லா பலூன்களுக்கும் பொதுவான அலைவரிசை அது. கீழே இருப்பவர்களால் அதை அடைக்க முடியாது.

"எல்லா பைலட்டுகளுக்கும். மலையரசியிலிருந்து இளவெயினி பேசறேன். கிழக்கால பாருங்க. அந்தப் பழுப்பு தெரியுதா? அது பனி இல்ல. அதுக்கடியில ஒரு ஊரு மூச்சுவிட முடியாமக் கெடக்கு. நீங்க இப்படி ஆடாம அசையாம நிக்கறதுக்காக அங்க காத்தை நிறுத்தி வெச்சிருக்காங்க. தினம் சாவு விழுது. என் தரைக்குழுத் தலைவி சுகுணாவோட வீட்டுக்காரர் முந்தாநாள் செத்துட்டார். நான் இந்த மூடியைத் திறக்கப் போறேன். திறந்தா காத்து வரும், பெரிய காத்து. அதனால எல்லாரும் இறங்குங்க. கடைசி பலூன் தரையைத் தொடற வரைக்கும் காத்திருப்பேன். அதுக்கு மேல காத்திருக்க மாட்டேன்."

அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள்.

ஜெயப்பிரதாப்பின் குரல் வந்தது. "யாரும் இறங்க வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு மனநிலை சரியில்லை. சாதனைக்கு ஒரு மணி நேரம் எல்லாரும் வானத்தில் இருக்க வேண்டும். இறங்குகிற பலூன் இனி எங்கள் விழா எதிலும் பறக்காது."

"வெயினி, ஃபெலிக்ஸ் பேசுதேன்." தூத்துக்குடிக்காரன். மலையரசி போன்ற பெரிய பலூன்களை ஓட்டத் தெரிந்த சிலரில் ஒருவன். பயிற்சியில் அவளோடு இருந்தவன். "இப்பதான் அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தேன். இத்தன நாளா பாக்கவே இல்ல பாத்துக்க. நான் எறங்குதேன்."

ஃபெலிக்ஸின் தாமரை பலூன் மெல்லக் கீழே போனது. அதன் பின்னால் ஒரு நீலம். அதன் பின்னால் இரண்டு மஞ்சள். பிறகு வானத்தில் ஓரமாக இருந்ததெல்லாம் இறங்கத் தொடங்கியது. பர்னர்களின் சீறல் ஒவ்வொன்றாக அடங்கியது. கீழே ஜனங்கள் முதலில் கைதட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். பிறகு கைதட்டல் நின்றது.

ஒரு சிலர் இறங்க மறுத்தார்கள். ஒருவன் ரேடியோவில் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவள் திருப்பித் திட்டவில்லை. "நீங்க மேல இருக்கற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அந்த ஊருல யாரோ சாவுக்கு டிக்கெட் வாங்கறாங்க சார். பார்த்துட்டே இருங்க" என்றாள். கடைசியாக அவனுடைய யானை பலூனும் தரையைத் தொட்டது. துணி சரிந்து மடிந்தது.

வானத்தில் மலையரசி மட்டும் நின்றது.

"தள்ளு" என்றாள் அத்வைத்திடம்.

"உடையறப்போ நாமதான் நடுவுல இருப்போம் வெயினி. இவ்வளவு பெரிய துணி, அந்தக் காத்துல..."

"தெரியும். தள்ளு."

அவன் நகர்ந்தான். அவள் ஸ்விட்சை இறக்கினாள். தட்டின் முனகல் அடங்கியது. அவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டே இருந்த அந்தச் சத்தம் நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது. உச்சி வால்வைத் திறந்துவிட்டு மலையரசியைக் கீழே இறக்கினாள்.

காற்று உடனே வரவில்லை. பாதி உயரம் இறங்கியபோது மேற்கே மலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம், தூரத்தில் ரயில் வருவது போல. பிறகு தென்னந்தோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலை சாய்ந்தன. அந்தச் சாய்வு அவர்களை நோக்கி ஓடிவந்தது. "குனி!" என்று கத்தினாள். மலையரசி ஒரு பக்கமாக நசுங்கியது. வடம் அறுந்தது. தென்னை மட்டைகள் கூடையில் மோதின, உலகம் புரண்டது, அவள் தோளில் ஏதோ முறிந்தது.

தோப்புக்குள் கிழிந்த துணிக்கு நடுவிலிருந்து தரைக்குழு அவர்களை வெளியே இழுத்தபோது அவளுக்கு நினைவு இருந்தது. வாயெல்லாம் மண். காற்று அவள் தலைமுடியைப் பிய்த்தது. வலியோடு வலியாக அவள் அந்தக் காற்றை வாய் நிறைய இழுத்தாள்.

அன்று நாரோடையில் ஊரே தெருவுக்கு வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டாள். கூரைத் தகரங்கள் பறந்தும் யாரும் உள்ளே போகவில்லையாம்.

அவளைக் கைது செய்தார்கள், ஜாமீனில் விட்டார்கள், லைசென்சைப் பறித்தார்கள். விண்தேர் நிறுவனம் டிவிக்கு டிவி பேசியது. தட்டு வெறும் காட்சிக் கருவி. அதனால் காற்று நிற்காது. நாரோடைக்காரர்கள் வெயிலில் இறந்தார்கள். இளவெயினி பொறுப்பில்லாத ஒரு விமானி என்றது. நாரோடைக்காரர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். தடியடி நடந்தது. மறுபடி உட்கார்ந்தார்கள். கடைசியில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் கோவையில் விசாரணை தொடங்கியது.

வெயினி அதற்காகவே மூன்று மாதம் உழைத்தாள். கல்லூரிகளில் வானிலை படித்தவர்களைத் தேடிப் பிடித்தாள். காற்று எப்போது நின்றது, எப்போது திரும்பியது, புகை எந்த உயரத்தில் மடங்கியது, எல்லாவற்றையும் நிரூபிக்கத் தயாரானாள். அவள் சாட்சி சொன்ன நாளில் சுகுணா முதல் வரிசையில் இருந்தாள். குறுக்கு விசாரணைக்காக வெயினி காத்திருந்தாள்.

நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார். "கேள்விகள் இல்லை" என்றார். "எங்கள் தரப்பு தன் முந்தைய நிலையை மாற்றிக்கொள்கிறது. அந்த நாட்களில் காற்று நின்றதற்கும், கருவியை நிறுத்தியதும் திரும்ப வந்ததற்கும் எங்கள் கருவியே காரணம். நாரோடை மரணங்களுக்கான இழப்பீட்டை முழுமையாக ஏற்கிறோம். இவையனைத்தும் விசாரணை அறிக்கையில் தெளிவாகப் பதிவாக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்."

மண்டபம் ஆரவாரத்தில் வெடித்தது. நாரோடைக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். சுகுணா வந்து வெயினியின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை நாள் அழாத அழுகையை அழுதாள். "ஒத்துக்கிட்டாங்க அம்மிணி. அவரு வெயில்ல சாகலைன்னு ஒத்துக்கிட்டாங்க."

வெயினிக்கும் அழுகை வந்தது. ஆனால் எங்கோ உறுத்தியது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் ஏன் விழுந்தார்கள்?

வாசலில் அத்வைத் நின்றிருந்தான். இளைத்திருந்தான். வேலையை விட்டுவிட்டானாம்.

"சந்தோஷமா இருக்கியா?" என்றான்.

"இருக்கக் கூடாதா?"

"கூடாரத்துல திரையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்களே வெளிநாட்டுக்காரங்க. அவங்க ஒரு நாள்கூட பலூனைப் பார்க்கல வெயினி. நாரோடையைத்தான் பார்த்துட்டிருந்தாங்க." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "விழாங்கறது கடை. பொருள் அந்த மூடிதான். அடங்காத ஒரு ஊரு, வேலை நிறுத்தம் பண்ற ஒரு துறைமுகம், எல்லையில ஒரு டவுன். குண்டு வேண்டாம், சத்தம் வேண்டாம். மேல அழகா ஒரு பலூன் நிக்கும். யார் கேட்டாலும் வெயில்னு சொல்லிக்கலாம்."

உள்ளே நாரோடைக்காரர்களின் ஆரவாரம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"வாங்கறவங்களுக்கு ஒரே சந்தேகம்தான். இது நிஜமாவே கருவியாலதானா, இல்ல இயற்கையா நடந்ததான்னு. தேவைன்னா உடனே திறக்க முடியுமான்னு. நாங்க அதைச் சோதிச்சதே இல்ல, தைரியம் வரல. நீ சோதிச்சுக் குடுத்துட்ட. இப்ப ஒரு நீதிபதியே அறிக்கையில எழுதப் போறார். இதைவிட விளம்பரம் எது? மறுத்து வாதாடினா, அவங்க பொருள் வேலை செய்யாதுன்னு அவங்களே சொல்லிக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல?" அவள் அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். முறிந்து சேர்ந்த தோள் வலித்தது. "மூணு மாசம்! மூணு மாசமா நான் அவங்களுக்காக உழைச்சிருக்கேன், நீ பார்த்துட்டே இருந்திருக்க!"

"எனக்கே நேத்துதான் தெரியும். ஆர்டர் வர ஆரம்பிச்சிடுச்சு."

அவள் சட்டையை விட்டாள். இவனை அடித்து என்ன ஆகும்.

சுகுணா காரில் காத்திருந்தாள். ஊருக்குப் போய் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்ற அவசரம் அவள் முகத்தில் இருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வெயினிக்கு ஒரு நிமிடம் தோன்றியது. இவளுக்கு இந்த ஒரு நாளாவது இருக்கட்டுமே. ஆனால் இவளிடம் மறைப்பதற்கும் அவர்கள் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? காரில் ஏறி, கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் சொன்னாள்.

சுகுணா முழுசாகக் கேட்டாள். முகம் கல்லானது. "அப்ப எங்க ஊரு அவங்களுக்கு சாம்பிளுங்களா?" என்றாள்.

வெயினி தலையசைத்தாள்.

"அந்தப் பலூனை ஓட்டறதுக்கு ஆளு வேணுமில்லீங்?"

"வேணும்."

"எத்தன பேருக்குத் தெரியும்?"

"ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான்." வெயினி ஏற்கனவே போனை எடுத்துவிட்டாள். ஓட்ட ஆள் இல்லையென்றால் மூடியும் இல்லை. முதலில் ஃபெலிக்ஸ்.

அவன் குரலில் உற்சாகம் இல்லை. அவள் சொல்லி முடிக்கும் முன்பே இடையில் புகுந்தான். "வெயினி, அவுங்க போன வாரமே எங்கிட்ட வந்துட்டாவ. வானிலை ஆராய்ச்சின்னுதான் சொன்னாவ. கையெழுத்துப் போட்டுட்டேன். வீட்டுல நிலைமை உனக்குத் தெரியும். நான் போகலன்னா வேற எவனாவது போவான்."

"அன்னிக்கு முதல்ல இறங்கினது நீதான் ஃபெலிக்ஸ்."

"அன்னைக்கு கண்ணு முன்னால தெரிஞ்சுது. இது எங்கயோ, யாரோ." அவன் பெருமூச்சு விட்டான். "என்னைய விட்டுரு வெயினி."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. கத்த வாயைத் திறந்தாள். சுகுணா கையை நீட்டினாள்.

"எங்கிட்டக் குடுங்க அம்மிணி."

வெயினி போனைக் கொடுத்தாள். சுகுணா அதைக் காதில் வைத்துக்கொண்டு, காரின் மூடிய கண்ணாடியைப் பார்த்தாள்.

"தம்பி, நானு நாரோடை சுகுணா பேசறேனுங். எங்க ஊட்டுக்காரரு செத்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் சொல்றேன். கேட்டுட்டு அப்பறமா நீங்க போறதானாப் போங்க. விடியறதுக்கு முந்தி அவரு என்னைய எழுப்பி, ஜன்னலைத் தொறந்து விடு புள்ளன்னாரு. நானு எந்திரிச்சுப் போய்ப் பார்த்தனுங். ஜன்னலு தொறந்துதான் இருந்துச்சு."